ரோமர் வரிசையில் ஒரு நாற்காலி

அஸ்ஸு சினிமாவைத் தேடிப் போனவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து படமெடுக்கும் எங்கள் வர்ஸாஸாத்தில் யாரைக் கேட்டாலும் "சின்ன வயசுலேருந்தே எனக்குள்ள ஒரு நடிகன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அத்தனையும் புளுகு. அஸ்ஸு புறப்பட்டது அகாதிருக்கு. அங்கே மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் அத்தை மகன் வேலை சொல்லி வைத்திருந்தான். மலையிலிருந்து இறங்கி, வர்ஸாஸாத்தில் பஸ் மாற வேண்டும். மாற வேண்டிய பஸ் ஊருக்கு வெளியே அச்சு முறிந்து கிடக்கிறது என்றார்கள். வரும்போது வரட்டும் என்று சுவரோரம் இருந்த துளி நிழலில் நின்றான். கையில் ஒலிபெருக்கியோடு ஒருத்தன் அந்தச் சுவரோரமாகவே விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தான். "தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, நூறு. ஏறு, ஏறு!" நூறு என்றபோது விரல் அஸ்ஸுவின் நெஞ்சில் இருந்தது. லாரிக்குக் கூரைத்துணி போட்டிருந்தது. மத்தியானம் ரொட்டியும் அவரைக் கூழும் உண்டு என்றார்கள். ஏறிவிட்டான்.

இறங்கியபோது அவன் எகிப்திய அடிமை. மறுநாளும் வரச் சொன்னார்கள், அதற்கு மறுநாளும். அகாதிருக்கு அவன் போகவே இல்லை. அந்தப் பஸ்ஸின் அச்சு ஒழுங்காக இருந்திருந்தால் அவன் மீன் நாற்றத்தோடும் மாதச் சம்பளத்தோடும் நிம்மதியாக வாழ்ந்து முடித்திருப்பான். ஒரு இரும்புத் துண்டு ஒடிந்ததில் ஒரு மனுஷனுக்குத் தொழில் அமைந்துவிட்டது. அப்படித்தான் அமைகிறது, படித்தவர்கள் என்ன சொன்னாலும் சரி.

இருபத்திநாலு வருஷம். அடிமை, ரோமன், பாரசீகன், தொழுநோயாளி, ஒட்டக வியாபாரி, சிலுவைக்குக் கீழே அழுகிறவன். செத்தது மட்டும் எத்தனை தடவை என்று அவனுக்கே கணக்கில்லை. பிணமாகக் கிடப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். ஆனால் இருபத்திநாலு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. கூட்டத்து ஆள் கூச்சல் போடலாம், பேசக் கூடாது. பேசுகிறவனுக்குத்தான் படத்தின் கடைசியில் பெயர் வரும்.

அவன் மனைவி இஜ்ஜா அவனை ஒரு படத்திலும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு படம் பார்த்தாள், அதில் பாவி மனுஷன் முகத்துக்கு நேரே கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் வீட்டுக்கு டிவி வருவதற்குள் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து, கண் மங்கி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முழுதாகவே போய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. டிவியில் அவன் நடித்த படம் ஏதாவது வந்தால் இருவரும் பாயில் உட்காருவார்கள், அவன் சொல்லச் சொல்ல அவள் பார்ப்பாள்.

"இப்ப எங்க இருக்க?"

"குதிரைக்குப் பின்னாடி. கையில ஈட்டி வெச்சிருக்கேன். அய்யோ, கீழ விழுந்துட்டேன்."

"அடி கிடி பட்டுச்சா?"

"செத்தே போயிட்டேன்டி."

"உனக்கு வேற வேலையே இல்ல" என்று அவன் தொடையில் ஒன்று வைப்பாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கண்ணால் கண்ட மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள்.

வர்ஸாஸாத்தில் தாடி என்பது மற்ற ஊர்களில் இருக்கிற தாடி இல்லை. இங்கே அது பிழைப்பு. நல்ல தாடி உள்ளவனுக்கு வருஷம் முழுக்க வேலை. தீர்க்கதரிசி படமென்றால் அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தாடிக்காரர்கள் பெருநாளுக்குக்கூட அதை எடுக்க மாட்டார்கள், தம்பி கல்யாணத்துக்கும் எடுக்க மாட்டார்கள். சவரக்கடைக்காரர்கள் பாதிப் பேர் கடையை மூடிவிட்டு அவர்களும் தாடி வளர்த்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்கள்.

நடிகர் தேர்வைப் பார்க்கிற லல்லா கிஸ்லான் காஸாபிளாங்காக்காரி. லல்லா என்பது பெண்களுக்கு நாங்கள் சொல்கிற மரியாதை. சின்ன வயசு, பெரிய கண்ணாடி, எந்நேரமும் கையில் போன். அவள்தான் ஒரு நாள் கூட்டத்திலிருந்து அஸ்ஸுவைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, இந்தத் தாடியத் தொடாதீங்க. அடுத்த படத்துல ஒரு ஓடக்காரன் வேஷம் இருக்கு. நாலு வசனம். நம்ம மலைப் பேச்சுலயே பேசணும், கதாநாயகனுக்குப் புரியக் கூடாது. டைரக்டருக்கு உங்க போட்டோ பிடிச்சுப் போச்சு."

அஸ்ஸு வீட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது இஜ்ஜா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"பேசுறியா? படத்துல? உன் குரலா?"

"என் குரல்தான். வேற எவன் குரல்?"

மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்: "இந்தத் தடவை நீ பக்கத்துல உக்காந்து ஒண்ணும் சொல்ல வேணாம். நானே கேட்டுக்கிறேன்." அவ்வளவுதான் அவள் ஆசை. பெயரும் வேண்டாம், பவிசும் வேண்டாம். அவன் சொல்லாமல், அவளாகவே, ஒரு தடவை அவனைப் படத்தில் கண்டுகொள்ள வேண்டும்.

பதினோரு மாதம் தாடி வளர்ந்தது. இஜ்ஜா அதற்கு ஆலிவ் எண்ணெய் தடவி விரலால் சிக்கெடுப்பாள். வசனம் வந்ததும் நாலு வரியையும் அவன் சொல்ல, அவள் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். "இது ஆறு கடக்கிற நேரம் இல்ல. யாரைத் தேடி வந்திருக்க? அந்தக் கரையில இப்ப ஒருத்தரும் இல்ல. ஏறு, கூலி வேணாம்." கடைசி வரியை அவன் வேகமாகச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "கூலி வேணாம்னு சொல்றவன் அவசரப்பட மாட்டான்யா, மெதுவாச் சொல்லு" என்பாள். அவனைவிட அவளுக்குத்தான் வசனம் நன்றாகப் பாடம்.

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஓடக்காரனுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. முதலில் போர்க் காட்சிகள், அதற்குக் கூட்டம் வேண்டும். அஸ்ஸுவைக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தானா? கூட்டத்தில் வேலை செய்கிற ஹம்மு தன் அடையாள அட்டையை முந்தின நாள் தேநீர் குடிக்க வந்தபோது அஸ்ஸு வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். படப்பிடிப்பில் வாசலில் அட்டையைக் கொடுத்தால்தான் உடுப்புச் சீட்டு, சாயங்காலம் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தால்தான் அட்டையும் கூலியும். அட்டை இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

ஹம்மு முப்பது வயசுக்காரன். சந்தையில் கோழி விற்றவன், விலை இறங்கியதால் இரண்டு மாதமாகத்தான் லாரியில் ஏறுகிறான். அவனுக்கும் தாடி இருந்தது, கறுகறுவென்று. அதுவும் வளர்த்தது இல்லை, சோம்பேறித்தனத்தில் தானாக வந்தது. பாவம், பையனுக்கு ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஸ்ஸு காலையிலேயே அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இரவு முழுக்க இஜ்ஜாவுக்குக் கால் எரிச்சல், அமுக்கிவிட்டுக்கொண்டே இருந்ததில் அவனுக்குத் தூக்கமில்லை.

பெரிய கூடாரத்தில் இரண்டு வரிசை நாற்காலிகள். ஒரு பக்கம் நாடோடிகள், தாடியோடு. இன்னொரு பக்கம் ரோமர்கள். அங்கே காஸாபிளாங்காவிலிருந்து வந்த சவரக்காரர்கள் நாலு பேர் வரிசையாக மழித்துக்கொண்டே வந்தார்கள். ஹம்மு ரோமர் வரிசையில், ஒரு வழியாகச் சண்டை போட்டுப் பிடித்த நாற்காலியில், தாடியைக் காவு கொடுக்க உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நீ நூறு வருஷம் இருப்பே!" என்று அட்டையைப் பிடுங்கினான். "ஒரு நிமிஷம் இதுல உக்காரு. எழுந்தா ஸாகோராக்காரப் பயலுக நாற்காலியத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. என் மொபெட்டை லாரிக்கு முன்னாடி நிறுத்திட்டேன், எடுத்துட்டு அட்டையக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"சீக்கிரம் வாடா."

"இதோ வந்துட்டேன்னு வெச்சுக்கோ."

ஒருத்தனுக்காக ஒருத்தன் இடம் பிடித்து வைப்பது இங்கே எல்லோரும் செய்கிற காரியம். அஸ்ஸு இருபத்திநாலு வருஷத்தில் ஆயிரம் பேருக்குப் பிடித்துக் கொடுத்திருப்பான். உட்கார்ந்தான். கூடாரத்துக்குள் இதமான சூடு. வெளியே லாரிக்காரன் ஹம்முவின் மொபெட்டை ஏற்கனவே இடித்துத் தள்ளியிருந்தான். ஹம்மு அவன் சட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் கால் மணி ஆயிற்று. அஸ்ஸுவின் தலை மெல்லச் சாய்ந்தது.

யாரோ வெந்நீர்த் துணியை முகத்தில் வைத்தார்கள். சுகமாக இருந்தது. தூக்கத்தில் அவன் இஜ்ஜா என்று நினைத்துக்கொண்டான். கன்னத்தில் சில்லென்று காற்றுப் பட்டபோதுதான் கண்ணைத் திறந்தான்.

"ஆடாதே, வெட்டிடும்" என்றான் சவரக்காரன்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"சவரம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்யா. ரோமன்தானே நீ?"

"நான் ரோமன் இல்லய்யா! ஓடக்காரன்! நான் ஓடக்காரன்!"

கூடாரமே சிரித்தது. இடது கன்னம் முழுக்கப் போயிருந்தது, வலது கன்னத்தில் தாடி அப்படியே தொங்கியது. அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அஸ்ஸு கீழே குனிந்து, மண்ணில் கிடந்த மயிரை இரண்டு கையாலும் அள்ளினான். அப்போதுதான் சிரிப்பு நின்றது. விஷயம் தெரிந்த பத்துப் பேர் அங்கே இருந்தார்கள்.

லல்லா கிஸ்லான் ஓடி வந்தாள். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அண்ணே! ரோமர் வரிசையில உங்களுக்கு என்ன வேலை?"

"இடம் புடிச்சு வெச்சேன், லல்லா."

"இடம் புடிச்சு... யா ரப்பி!"

"ஒட்டுத் தாடி வெச்சுக்கலாமே. எத்தனையோ பேருக்கு வெக்கிறீங்களே."

"ஓடக்காரன் தண்ணியில விழறான் அண்ணே, பசை நிக்காது. கேமரா மூக்குக்கு முன்னாடி." அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. டைரக்டர் எடுத்தது அந்தத் தாடியத்தான். அது இல்லாம நீங்க அவருக்கு வேற யாரோ."

இருபத்திநாலு வருஷம் ஒருவன் வெயிலில் நின்றதற்கு இதுதான் பதில். பெண் நல்ல பெண்தான், உண்மையைத்தான் சொன்னாள். உண்மையைச் சொல்கிறவர்களை எனக்கு அன்றைக்குப் பிடிக்காமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஹம்மு மூச்சிரைக்க உள்ளே வந்தான். "அண்ணே, அந்த லாரிக்கார நாய்..." என்றவன் அஸ்ஸுவின் முகத்தைப் பார்த்தான். கிஸ்லான் அவனைப் பார்த்தாள். அவன் தாடியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்திருந்தால் இந்நேரம் காணாமல் போயிருக்க வேண்டிய தாடி.

"உனக்கு மலைப் பேச்சு வருமா?"

"வேற என்ன வரும் எனக்கு? ஏன்?"

அவள் சொன்னாள். ஹம்மு இரண்டு அடி பின்னால் போனான். "செருப்பால அடிங்க லல்லா. அண்ணன் சோத்துல மண்ணப் போடறவன் நான் இல்ல."

"நீ இல்லன்னா வேற ஊர்லேருந்து யாரையாவது வரவழைப்பாங்க. அஸ்ஸு அண்ணனுக்கு எப்படியும் இல்ல."

எல்லோரும் அஸ்ஸுவைப் பார்த்தார்கள். அவன் கைநிறைய மயிரை வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றான். "போடா" என்றான். "நம்ம பேச்சு தெரிஞ்சவனாவது பேசட்டும்."

யாரைத் திட்டுவது? அட்டையை மறந்தவனையா, மொபெட்டை இடித்தவனையா, இஜ்ஜாவின் கால் எரிச்சலையா, வேலையை ஒழுங்காகச் செய்த சவரக்காரனையா? அன்று முழுக்க அஸ்ஸு யோசித்தான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் அவனுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மீதிப் பாதியையும் மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லத்தான் போனான், அதில் சந்தேகம் வேண்டாம். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். இஜ்ஜா காலடிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள், வழக்கம்போலத் தாடியைத் தடவக் கையை நீட்டினாள். வெறும் கன்னம். அவள் முகம் வெளுத்தது.

"என்ன இது? அஸ்ஸு, என்னாச்சு? வேஷம் போச்சா?"

பயந்துபோன குழந்தையின் முகம் அது. அவன் வாயைத் திறந்தான், வேறொன்று வந்தது.

"டைரக்டர் மனசு மாறிட்டாருடி. ஓடக்காரனுக்குத் தாடி வேணாமாம். மழுமழுன்னு இருக்கணுமாம்."

"அட கிறுக்குப் பய! பதினோரு மாசம் எண்ணெய் தேச்சேனே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நான் பயந்தே போயிட்டேன். வேஷம் இருக்குல்ல?"

"இருக்கு."

தாடி போனது யார் குற்றமும் இல்லை. இந்த ஒரு வார்த்தை அவன் குற்றம். அவனைப் பிடிக்கும் எனக்கு, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஹம்முவுக்கு வசனம் வரவில்லை. அஸ்ஸுவைத்தான் தேடி வந்தான். வீட்டில் வேண்டாம் என்று பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வைத்து அஸ்ஸு சொல்லிக்கொடுத்தான். "கோழி விக்கிற மாதிரி கத்தாதடா. கூலி வேணாம்னு சொல்றவன் அவசரப்பட மாட்டான். மெதுவா." இஜ்ஜா தனக்குத் திருத்திய அத்தனை திருத்தத்தையும் வரி வரியாகக் கொடுத்தான். ஐந்தாம் நாள் ஹம்மு சரியாகச் சொன்னான். நன்றாகச் சொன்னான். தன்னைவிட நன்றாகவே சொன்னான் என்று அஸ்ஸுவுக்குத் தெரிந்தது. "போதும், கிளம்பு" என்று சொல்லிவிட்டுப் பங்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஓடக்காரனுக்கு மூன்று நாள் படப்பிடிப்பு. மூன்று நாளும் அஸ்ஸு காலையில் குளித்துக் கிளம்பினான். இஜ்ஜா ரொட்டியும் ஆலிவ் காயும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள், பேசுகிறவனுக்குத் தெம்பு வேண்டுமாம். அவன் ஆற்றோரம் சிறுசவுக்குப் புதருக்குள் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாயும்போது வீடு திரும்புவான். "இன்னிக்கு எந்த வரி?" என்று வாசலிலேயே கேட்பாள். சொல்வான். டைரக்டர் தோளில் தட்டினாராம். ஓடம் சாய்ந்து கதாநாயகன் தண்ணீர் குடித்துவிட்டானாம். மூன்றாவது வரியைச் சொல்லும்போது கரையில் நின்ற குதிரை தும்மியதாம், எல்லோரும் சிரித்ததில் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்களாம். குதிரை தும்மியதைக் கேட்டு இஜ்ஜா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அஸ்ஸு பேசி நடித்தது அந்த மூன்று நாள் மட்டும்தான், தன் வீட்டு வாசலில்.

பதினாலு மாதம் போயிற்று. ஹம்முவை அந்த டைரக்டர் அடுத்த படத்துக்கும் எடுத்தார். பிறகு காஸாபிளாங்காவில் ஒரு தொடர் கிடைத்தது. இப்போது அவன் அங்கேயே இருக்கிறான், நன்றாக இருக்கட்டும். அஸ்ஸு மறுபடி லாரியில் ஏறினான். கூடாரத்தில் இருந்த பத்துப் பேரும் இஜ்ஜா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அஸ்ஸு சொல்ல நினைத்து நினைத்து விட்டுவிட்டான். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல், ஒரு தடவை அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். சொல்ல ஏற்ற நாள் என்று ஒன்று வரவே இல்லை. படம் இந்த ஊருக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்று ஒரு நப்பாசை.

வந்துவிட்டது. தபூன்த் பேட்டையின் சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கூட முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட ஏற்பாடு செய்தார்கள், நம் ஊர்க்காரர்கள் நடித்ததாயிற்றே. இஜ்ஜா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. தண்ணீர்க் குழாயடி முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்பர் மணி மாலையைப் போட்டுக்கொண்டு, மூன்று பெண்களை இந்தப் பக்கமும் மூன்று பெண்களை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு, முன் வரிசையில் உட்கார்ந்தாள். அஸ்ஸுவின் கையைப் பிடித்திருந்தாள்.

"வந்துட்டியா?"

"இன்னும் இல்ல. இஜ்ஜா, வா, வீட்டுக்குப் போயிடலாம். ஒண்ணு சொல்லணும்."

"சும்மா இருய்யா. உன் பேச்சுல உன் வசனம் காதுல விழாமப் போயிடும்."

திரையில் ஆறு வந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் இஜ்ஜா கழுத்தை நீட்டினாள். உதடுகள் தாமாகவே முதல் வரிக்குத் தயாராயின. ஓடக்காரன் வாயைத் திறந்தான். "இது ஆறு கடக்கிற நேரம் இல்ல..."

அவள் உதடு நின்றது. பின்னாலிருந்து பையன்கள் விசிலடித்தார்கள். "டேய் ஹம்முடா! நம்ம கோழி ஹம்முடா!" முற்றம் முழுக்கக் கைதட்டல். இந்தப் பக்கம் மூன்று பெண்களும் அந்தப் பக்கம் மூன்று பெண்களும் திரையை விட்டுவிட்டு இஜ்ஜாவைப் பார்த்தார்கள். அவள் சிரித்த முகத்தை மாற்றவில்லை, மாற்ற மறந்துபோயிருந்தாள். நாலாவது வரியை ஹம்மு மெதுவாக, அவசரமே இல்லாமல் சொன்னான். அவள் எப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாளோ அப்படியே சொன்னான்.

படம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், வேறு வழியில்லை, அவளால் தனியே நடக்க முடியாது. ரொட்டிச் சூளையைக் கடந்தார்கள்.

"தாடிய யாரு எடுத்தது?" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அட்டை, நாற்காலி, லாரிக்காரன், வெந்நீர்த் துணி.

"என் காலை அமுக்கிட்டுத் தூங்காமப் போனே. அதான்."

"அது இல்லடி."

"அதுதான். அது தலையெழுத்து, அதுக்கு நான் உக்காந்து அழுவேன், உன்னைக் கட்டிக்கிட்டு அழுவேன். அதுல உன் மேல எனக்கென்ன கோபம்? வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அன்னிக்கே அழுது முடிச்சிருக்கலாம்." கொஞ்சம் நடந்தாள். "குதிரை தும்மினது?"

அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அதுவும் இல்லையா? நான் அதை நினைச்சு நினைச்சு எத்தனை நாள் தனியாச் சிரிச்சிருக்கேன் தெரியுமா?"

"இஜ்ஜா, உன் முகத்தப் பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல. சத்தியமா."

அவள் நின்றாள். அவன் கையை விட்டாள். நடுத்தெருவில், எதையும் பிடிக்காமல், அவன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணு போனதுலேருந்து நீ சொல்றதுதான் நான் பாக்குறது. நீ மழைன்னா எனக்கு மழை. நீ வெயில்னா எனக்கு வெயில். ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. முன்னாடி டிவியில வந்த படத்துலயெல்லாம் நீ இருந்தியா? இல்ல, எனக்காகச் சும்மா சொன்னியா?"

இருபத்தைந்து வருஷம். எத்தனை வெயில், எத்தனை விழுந்து எழுந்தது, எத்தனை சாவு. எதிலும் அவன் பெயர் இல்லை, எதிலும் அவன் குரல் இல்லை. இதோ பார், இது நான்தான் என்று விரல் நீட்டிக் காட்டலாம். யாருக்குக் காட்டுவது?

"இருந்தேன்டி. அல்லா மேல ஆணையா எல்லாத்துலயும் இருந்தேன்."

"சரி" என்றாள் இஜ்ஜா. துணி விற்க வருகிறவன் இது அசல் கம்பளி என்று சத்தியம் செய்யும்போது சொல்வாளே, அதே 'சரி'. பிறகு கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான், இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.